ஒன்பதாவது தடம்

பாடும்போது ஹீட்டரை நிறுத்திவிட வேண்டும்,
அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும்.
துலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி கண்ணுக்கெட்டியவரை கட்டியாக நிற்கிறது.
ஒரு காலத்தில் மீன் பதப்படுத்திய கட்டடம்;
ஈர நாட்களில் அந்த வாடை இன்னும் எழும்.
நாலரை நிமிடம் குளிர்,
பத்து நிமிடம் சூடு,
மறுபடி நாலரை.
இப்படி, கோட்டைக் கழற்றாமலே,
ஐலி கிவேலா தன் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவுசெய்கிறாள்.

முதலாவதில் ஒரு பாட்டு
ஷாம்பு விளம்பரத்துக்குப் போனது.
அந்தப் பணத்தில் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள்.
இரண்டாவதை யாரும் திட்டக்கூட இல்லை.
விற்காத நானூறு பிரதிகள்
அவள் காரின் டிக்கியில் கிடக்கின்றன.
பனியில் பின்சக்கரம் வழுக்காமலிருக்க
நல்ல பாரம்.

பேஸ் கிட்டார், மார்ட்டி ப்ரெஸ்னிக்.
பதினோரு வருடம் அவள் கணவன்,
இப்போது நாள்கூலி.
ஊரில் வேறு ஆளில்லை என்று
தயாரிப்பாளன் கார்வினிடம் சொல்லியிருந்தாள்.
மூன்று பேர் இருக்கிறார்கள்.
கார்வினுக்கும் தெரியும்.

எட்டுப் பாட்டும் தகராறில்லாமல் போயின.
ஒன்பதாவதற்கு
ஸ்வரக் குறிப்பு மட்டும் எழுதிய தாளை நீட்டினாள்.
சொற்களை அவன்
வாசித்துக்கொண்டே, ஹெட்போனில்தான்
முதல்முறை கேட்டான்:

ஒருவன் வீட்டைவிட்டுப் போகிறான்.
போகிற விடியலிலும்
வழக்கம்போல மனைவியின் நீலக் காரை
இருபது நிமிடம் ஓடவிட்டு
கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டி
சூடாக்கி வைத்துவிட்டுப் போகிறான்.
அவள் வந்து உட்கார்ந்து,
அந்தச் சூடு ஆறும்வரை
எங்கேயும் போகவில்லை.

பல்லவியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்.
நாம் என்பதா, நாங்கள் என்பதா?
அவள் மொழியில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான்.
எதிரே நிற்பவன் அதற்கு உள்ளேயா வெளியேயா
என்று அது சொல்லாது.
அவனும் கேட்கவில்லை.

கடைசி ஒலி அடங்கும்வரை காத்திருந்தான்.
டிரம்மர் ஜோலீன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு
தன் காலணியையே பார்த்தாள்.
"அது பச்சை" என்றான் மார்ட்டி.
"எது?"
"கார்."
"பச்சை என்று போட்டால் அடுத்த வரியோடு இயைபு நிற்காது."
"சரி. ஆனால் அது பச்சை."

நம்மிடம் பச்சைப் பொய் என்று ஒன்று உண்டு;
அவளுடையது நீலம்.
மற்ற எல்லாம் நடந்தது நடந்தபடி இருந்ததால்
அந்த ஒன்றைத்தான் அவனால் பிடித்துக்கொள்ள முடிந்தது.

கார்வின் ஹீட்டரைப் போட்டான்.
யாரும் அருகே போய் நிற்கவில்லை.
பிறகு நிறுத்தினான்.

இரண்டாவது முறை,
நீலம் வருகிற இடத்தில்
மார்ட்டி தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.
பாட்டில் அது மூன்று முறை வருகிறது.
மூன்று முறையும் அவள் குரலுக்குக் கீழே
தரை காணாமல் போனது.
கண்ணாடிக்கு அப்பால் கார்வின்
இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினான்:
என்ன ஒரு யோசனை, அப்படியே இருக்கட்டும்!
ஐலி தண்ணீர் குடித்தாள்.
மார்ட்டி கூலியை எண்ணாமல் பையில் வைத்தான்,
வாசலில் பூட்ஸைத் தட்டினான்,
உள்ளே வருகிறவன் தட்டுவதுபோல. போனான்.

மே மாதம் ஆல்பம் வந்தது.
மினியாபொலிஸ் விமர்சகர் ஒருவர்
அந்த இடைவெளிகளின் அடக்கத்தைப் புகழ்ந்து
முழுதாக ஒரு பத்தி எழுதினார்.
ஊர் ஊராகப் போய்ப் பாட
ஃபார்கோவிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டாள்.
கேட்டுக் கேட்டு
பள்ளங்களையும் சேர்த்தே பாடம் பண்ணியிருந்தான்.
ஒத்திகை முடிந்ததும் கேட்டான்:
இந்த மூன்று இடத்தில் மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?

"அவன் சொன்னதுதான் சரி" என்றாள்.
எவன், எது என்று பையன் கேட்பதற்குள்
கேபிளைச் சுற்றத் தொடங்கிவிட்டாள்.

வெளியே,
சக்கர வளைவில் துரு தின்றது போக,
முந்நூற்றெண்பது பிரதிப் பாரத்தோடு
ஜூன் வெயிலில் நிற்கிறது கார்,
பச்சையாக.